சாக்பீஸ் கப்பல்

உயிரியல் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘கேப்டன் மிஸ்’ என்று பெயர். கப்பலில் கால் வைக்காமலே கேப்டன் ஆனவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை கடல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிவிடும். அவர்களைத் தயார்படுத்துவது டீச்சரின் வேலை. கூடப் போகும் கஷ்டமெல்லாம் தலைமையாசிரியருக்கு. பெரியவர்களுக்கு இரண்டே இடம். ஒன்றில் அவர், இன்னொன்றில், பாதுகாப்புக்காக, அவருடைய மச்சான். மச்சானுக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

டீச்சர் மைதானத்தில் சாக்பீஸால் முழுக் கப்பலையும் வரைவார். கோட்டைத் தாண்டியவன் தண்ணீரில் விழுந்தவன். மிச்ச நேரமும் மூழ்கியபடியே வெயிலில் நிற்கவேண்டும். லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதில் புத்தகப்பையை நெஞ்சில் மாட்டிக்கொள்வார்கள். சங்கு ஊதினால் எங்கே ஓடுவது, வாந்தி வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் அவர்களுக்குத் தலைகீழாகப் பாடம். கடலுக்குள் போட்ட வலை மேலே வரும் நிமிஷத்தைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ஒரே ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை. வருடாவருடம் வாய்விட்டே கேட்பார்.

“அடுத்த வருஷம் பாக்கலாம் டீச்சர்” என்பார் தலைமையாசிரியர்.

கப்பலுக்குள் எது எங்கே என்பதையும் டீச்சர் அவரிடம் கேட்டுத்தான் வரைந்தார். “படியேறினா இடது பக்கம் கடைசி ரூம். அதான் லேப்” என்று யோசிக்காமல் அடித்துச் சொன்னார் அவர்.

இதுவரை மாலுமிகள் யாராவது முன்னால் நடந்து கூட்டிப்போவார்கள். இந்தத் தடவை கப்பலின் கேப்டன், “நீங்களே லேபுக்குப் போங்க பாப்போம்” என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் வரிசை குலையாமல், நோட்டும் பேனாவுமாகப் படியேறி, இடது பக்கம் திரும்பி, மொத்தமாகக் கழிப்பறைக்குள் போய் நின்றார்கள். முகம் கழுவிக்கொண்டிருந்த மாலுமியை விஞ்ஞானி என்று நினைத்து வணக்கமும் வைத்தார்கள்.

“யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார் கேப்டன்.

“எங்க மிஸ்!”

“அவங்க எங்க?”

“அவங்களுக்கு எடம் இல்ல சார்.”

கேப்டன் தலைமையாசிரியரைத் தேடிப்போனார். அவர் மச்சானோடு சாப்பாட்டு அறையில் இருந்தார். எந்த வருடமும் அவர் அங்கிருந்து அசைந்ததில்லை என்று சமையல்காரர் சாட்சி சொன்னார்.

“அடுத்த வருஷம் பயிற்சி குடுக்கிறது யாரோ, அவங்கதான் பிள்ளைங்களோட வரணும்” என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்!” என்று திரும்பி வந்ததும் குதித்தார் தலைமையாசிரியர். வழி சொன்னது யார் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் அதை விழுங்கிக்கொண்டார். அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருடம் தலைமையாசிரியருக்கு அருமையான யோசனை பிறந்தது. பயிற்சியைத் தானே கொடுத்துவிட்டால் வம்பே இல்லையே! சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாக்பீஸோடு மைதானத்தில் இறங்கினார். சாப்பாட்டு அறை அச்சு அசலாக வந்தது. நாற்காலி, ஜன்னல், பிஸ்கட் டப்பா உட்பட. அதற்கு மேல் கை ஓடவில்லை.

“சார், லேப் எங்க சார்? வலைய எந்தப் பக்கம் தூக்குவாங்க?” என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

வேர்த்து வழிந்தபடி டீச்சரிடம் சாக்பீஸை நீட்டினார். “மிச்சத்த நீங்களே போட்டுடுங்க டீச்சர்.”

இத்தனை வருடமாக நீட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்ட கை இந்தத் தடவை நகரவில்லை.

“போய்ப் பாத்துட்டு வந்து போடறேன் சார்” என்றார் கேப்டன் மிஸ்.