செருப்பின் அடியில் ஒரு சிவப்புக் கோடு

வெள்ளிக்கிழமை காலை சாயா குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுபைதா டீச்சரின் மகள் போன் செய்தாள். "உம்மா போயிட்டாங்க மாமி." டீச்சரின் ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அவர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். கத்தி வைப்பதற்கு முன்பே நோயாளியை நடக்க வைப்பார், மூச்சை இழுத்து ஊத வைப்பார், தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமப் பழக்குவார். எங்கள் மட்டாஞ்சேரியில் எத்தனையோ பேர் அவரைத் திட்டிக்கொண்டே பிழைத்தார்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்றார்கள். கார்ப்பரேஷனில் குப்பை வண்டி தள்ளியவர். "தினம் ரெண்டு வேளை மெதுவா நடக்கணும்" என்றார் டீச்சர். நர்ஸ் பெண்ணிடம் நெயில் பாலிஷ் வாங்கி, இவருடைய ரப்பர் செருப்பின் அடியில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். எதற்கென்று சொல்லவில்லை.

என் நாத்தனாரோ, "கத்தி படப்போற உடம்பு, அசைய விடாதே" என்றாள். அவள் பேச்சைக் கேட்டேன். பதினைந்து நாள் கட்டிலிலேயே கிடத்தி ஆட்டுக்கால் சூப் கொடுத்தேன். மறுபடி போனபோது, "தினம் நடந்தார் டீச்சர்" என்றேன். அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். கோடு கொஞ்சமும் தேயாமல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சேச்சி, செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாதே."

வராந்தா முழுக்கச் சிரித்தது. ஆபரேஷனையும் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை. அவரோ மறுநாளிலிருந்து வேலைக்குப் போகுமுன் எங்கள் வாசலில் வந்து நிற்பார். படகுத்துறை வரை இவரைக் கூட்டிப்போவார்.

"என்னைப் பட்டாளத்துக்கா அனுப்பப் போறீங்க?" என்பார் இவர்.

"கீறித் தைக்கிறதுதான் டாக்டர் வேலை. எழுந்து நடக்கிறது உங்க வேலை. நடங்க அண்ணாச்சி."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இவர் எழுந்து நடந்தார். அப்புறம் ஒன்பது வருஷம் என்னோடு இருந்தார்.

இந்த வருஷம் டீச்சருக்கே வயிற்றில் கட்டி. பேத்தியின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போனேன். "செருப்பைக் காட்டுங்க டீச்சர்."

"பழி வாங்கறீங்களா சேச்சி?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

காலையில் இருவரும் படகுத்துறை வரை போய் வந்தோம். ஆஸ்பத்திரியில் தேதியை இரண்டு தடவை தள்ளினார்கள். ஒவ்வொரு தடவையும் அழிந்த கோட்டைப் புதிதாக வரைந்தேன். உடம்பைத் தயாராக வைத்திருந்தார், தேதிதான் வரவில்லை. தள்ளினவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. கடைசி வாரம் என் முட்டி வீங்கிக்கொண்டது, கூடப் போக முடியவில்லை. "நான் தனியா நடந்துக்கறேன். வந்து கோட்டைப் பாருங்க" என்றார் போனில்.

போனேன். வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவருடையது மட்டும் சுவரோரம் தனியாக இருந்தது. குனிய முடியாமல் குனிந்து அதைத் திருப்பினேன். கோடு இல்லை. பள்ளத்தில் கடுகளவு சிவப்பு ஒட்டியிருந்தது.

உள்ளே வெள்ளைத்துணி மூடிப் படுத்திருந்தார். காதருகே போய்ச் சொன்னேன். "பார்த்துட்டேன் டீச்சர். நீங்க நடந்திருக்கீங்க. இனி படுங்க."