மாற்றி மிதித்தாளாம்

திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஜெயக்குமார் ஒரு ஆள் விடாமல் சொல்லி முடித்திருந்தான். "பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டா. பொம்பளைக்கு வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்."

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. குழாயடியில் மாரீஸ்வரி என் முகத்துக்கு நேரே கேட்டாள். "ஒன் தங்கச்சி மாத்தி மிதிச்சிட்டாளாம்ல?" நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். நல்ல எவர்சில்வர் குடம். அது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கச்செல்வி எனக்கு அடுத்துப் பிறந்தவள். அவள் எப்படி ஓட்டுகிறவள் என்று தெரியாதவர்கள்தான் இவ்வளவும் பேசினார்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்திகரிக்க அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போய்வந்தது அவள்தான். டவுன் பஸ்ஸில் போவார்கள். திரும்பி வரும்போது, டிரைவர் பிரேக்கை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்வார். சில நாள் வாந்தி எடுப்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். செல்வி தன் தாவணியால் துடைப்பாள். அப்பா இறந்த பிறகுதான் அவள் டிரைவிங் படித்தாள். தண்ணீர் கேன் போடும் குட்டி யானை வேனில் லோடு அடித்துப் பழகினாள். கேன் ஒன்றுகூட உருளாது. அதைப் பார்த்துத்தான் ஜெயக்குமார் அவளைக் கூப்பிட்டான்.

அவனுக்கு டிராவல்ஸ் தொழில். அருப்புக்கோட்டையில் ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் எடுத்திருந்தான். டீசல் வேன் ஒன்று இருந்தது. புதிதாக எலக்ட்ரிக் கார் ஒன்றும் லோனில் வாங்கினான். அந்தக் காரைச் செல்வியிடம் கொடுத்தான்.

அந்த மாதிரிக் காரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினாலே வேகம் குறையும். ஓடுகிற வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்பிவிடும். செல்விக்கு இது வரமாகத் தெரிந்தது. தூரத்தில் ஆள் நின்றாலே காலை மெல்லத் தூக்குவாள். வண்டி அலுங்காமல் தணிந்து, ஊர்ந்து நிற்கும். பின் சீட்டில் வரும் கனகலட்சுமி டீச்சர், "ஊஞ்சல்ல வச்சுக் கூட்டிட்டு வார மாதிரி இருக்கு தாயி" என்பார்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வீரசோழன் கிராமத்து மதார் மைதீன் பாய் இவள் வண்டி இல்லாவிட்டால் ஏற மாட்டார். பிரேக் மிதி என்று ஒன்று இருப்பதே அந்த வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஜெயக்குமாருக்கும் சந்தோஷம். பிரேக்கை மிதிக்காமல் ஓட்டினால் சார்ஜ் மிஞ்சும் என்று அவனே மற்ற டிரைவர்களிடம் அவளைக் காட்டிப் பெருமையடித்தான். அதை இப்போது மறந்துவிட்டான்.

இன்னொன்றையும் மறந்துவிட்டான். எங்கள் பக்கம் புழுதிக்குப் பஞ்சமில்லை. நர்சிங் ஹோம் வாசலில் வெள்ளைக்கார் பளிச்சென்று நிற்க வேண்டும் என்று, தினம் சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் ஹோஸை எடுத்துச் சக்கரத்துக்குள் எல்லாம் அடிப்பான். அவன் வீட்டுப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வாளி விளிம்பில் உப்பு வெள்ளையாய்ப் படியும். அந்தத் தண்ணீரை அடித்துவிட்டு, ஈரத்தோடு தார்ப்பாயைப் போட்டு மூடி, சார்ஜில் போட்டுவிடுவான்.

அன்றைக்கு மதார் மைதீன் பாய் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வழக்கமாக அவரை ஏற்ற வீரசோழன் வரை காலி வண்டியாகப் போய்த் திரும்புவதற்குள் சார்ஜ் கொஞ்சம் இறங்கியிருக்கும். அன்று ஷெட்டிலிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போய், அவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டினாள். பேட்டரி நிறைந்திருந்தது. நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் ஏது? காலைத் தூக்கினாலும் வண்டி அது பாட்டுக்குப் போகும். செல்விக்கு அது தெரியும். அதனால் மெதுவாகத்தான் போனாள். திடீரென்று ரோட்டோரக் கருவேல மறைப்பிலிருந்து, ஆடு மேய்க்கும் அய்யப்பனின் ஆடுகள் மொத்தமாய் ரோட்டில் இறங்கின.

செல்வி பிரேக்கை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். தகரத்தைத் தரையில் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. வண்டி நிற்காமல் இடது பக்கமாக இழுத்தது. ஆட்டின் மேல் ஏறிவிடாமல் அந்தப் பக்கமே ஒடித்து, முள்ளுக்குள் விட்டாள். முன் பம்பர் உடைந்தது. டீச்சருக்கு நெற்றியில் இடித்து வீங்கியது. ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முள்ளிலிருந்து வண்டியை இழுக்கும்போதே அவள் ஜெயக்குமாரிடம் சொன்னாள். "மிதிச்சேன் அண்ணாச்சி. கரகரன்னு சத்தம் வந்துச்சு, ஒரு பக்கமா இழுத்துச்சு. வீலக் கழட்டிப் பாருங்க."

"இருக்கும் இருக்கும். நீ வீட்டுக்குப் போ" என்றான்.

வண்டியில் கோளாறு என்றால் காண்டிராக்ட் போய்விடும். டிரைவரிடம் கோளாறு என்றால் டிரைவரை மாற்றினால் போதும். அவன் கணக்கு அவ்வளவுதான். நேராக டீக்கடைக்குப் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டான்.

கார் ரிப்பேரில் இருந்த நாலு நாளும் டீச்சர் டீசல் வேனில் போனார்கள், செல்வி வீட்டிலேயே இருந்தாள். எனக்குத்தான் அடுப்பில் வைத்த உலை மாதிரி இருந்தது. "ஏ செல்வி, கல்லு மாதிரி ஒக்காந்திருக்கியே, போய் நாலு வார்த்த கேளு" என்று கத்தினேன். அவள் கேட்டாள், ஆனால் அவனிடம் இல்லை. அவளுக்குப் பதிலாக வண்டியை எடுக்கப் போகும் இருளாண்டிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வீலக் கழட்டிப் பாத்தாகளா?"

"பம்பர் புதுசு. லைட்டு புதுசு. வீல எதுக்குத்தா கழட்டணும்? காலையில டீச்சர ஏத்தணும்னாக."

போனை வைத்தவள் முகம் மாறிவிட்டது. தன்னை ஊரே பேசியபோதுகூட மாறாத முகம் அது. "அதே பிரேக்கோட டீச்சர ஏத்துறாகளாம்க்கா" என்றாள்.

விடிந்ததும் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றோம். டீச்சர் பின் சீட்டில் ஏறியிருந்தார்கள். இருளாண்டி ஸ்டியரிங்கில் இருந்தான். ஜெயக்குமார் பக்கத்தில் நின்றான். செல்வி பம்பருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஏ புள்ள, தள்ளு. தெருவுல நின்னு வெவகாரம் பண்ணாத" என்றான் ஜெயக்குமார்.

"வீலக் கழட்டுங்க, தள்ளுறேன்."

"நீ மாத்தி மிதிச்சதுக்கு நான் வீலக் கழட்டணுமாக்கும்?"

செல்வி அவனை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தாள். "டீச்சர், நான் மிதிச்சப்ப சத்தம் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சே. தகரத்த இழுத்த மாதிரி பல்லு கூசிப்போச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அத ஏன் டீச்சர் இத்தன நாளா சொல்லல?" என்றேன்.

"எங்கிட்ட யாரும் கேக்கலையேம்மா" என்றார்கள்.

படித்துப் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷி. கேட்டால்தான் சொல்வார்களாம். ஆனால் அதற்குமேல் அந்த வண்டியில் உட்காரவில்லை, இறங்கிவிட்டார்கள். இருளாண்டியும் இறங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஜெயக்குமார் டீசல் வேனை வரவழைத்து டீச்சரை அனுப்பிவிட்டு, நியாஸுக்குப் போன் போட்டான். நியாஸ் துபாயில் கார் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன்.

நியாஸ் வந்து, ஜாக்கி போட்டு வலது முன் சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்கு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது பிரேக் பேடு. தட்டின் வெளிப்பக்கம் செம்பழுப்பாக இருந்தது. உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினான். துரு பொருக்குப் பொருக்காய் எழும்பி நின்றது. ஒரு பேடு இருந்த இடத்திலேயே ஒட்டிப்போய், சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தான். இடது பக்கம் இவ்வளவு மோசமில்லை. ஷெட்டில் வலது பக்கம்தான் சுவரோரம். காற்றுப் படாது, ஈரம் காயாது.

"இந்தப் பக்கம் பிடிக்கல. அந்தப் பக்கம் மட்டும் பிடிச்சிருக்கு. இழுக்காம என்ன செய்யும்?" என்றான் நியாஸ். "சாதா வண்டின்னா மிதிக்க மிதிக்கத் தேஞ்சு துரு போயிரும். இதுல மோட்டாரே வேகத்தக் கொறச்சிருதா, பேடுக்கு வேலையே கெடையாது. அதுல உப்புத் தண்ணி வேற."

"இதுலயா அண்ணாச்சி என்னய ஏத்தி விட்டீக?" என்று கேட்ட இருளாண்டி, தொடர்ந்து சொன்னதை எழுத முடியாது.

இந்த இடத்தில் செல்வி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. "எம்மேலயும் தப்பு இருக்கு. அப்பப்ப மிதிச்சிருக்கணும். அலுங்கக் கூடாதுன்னு மிதிக்காமலே ஓட்டிட்டேன்" என்றாள்.

ஜெயக்குமார் அதைப் பிடித்துக்கொண்டான். "பாத்தீகளா, அவளே ஒத்துக்கிட்டா!"

அவ்வளவுதான். நான் பேசியதைத் தெரு முழுக்கக் கேட்டது. "மாத்தி மிதிச்சான்னுதான டீக்கடையில சொன்னீக? மிதிக்கலன்னா சொன்னீக? மிதிக்காம ஓட்டுறான்னு நீங்கதான அவளப் பெரும பேசுனீக? துருப்பிடிச்ச வண்டியில அடுத்த ஆள ஏத்தப் பாத்தீகளே, அது எந்தப் பொம்பள செஞ்ச தப்பு?" அவன் நியாஸைப் பார்த்தான். நியாஸ் நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

டிஸ்க்கு, பேடு எல்லாம் புதிதாக மாற்றிய பிறகு, ஜெயக்குமார் இருளாண்டியிடம் சாவியைக் கொடுத்தனுப்பினான். செல்வி வாங்கவில்லை. "எங்க நின்னு பேசுனாகளோ அங்க வச்சுக் குடுக்கச் சொல்லுங்கண்ணே. இனிமே வண்டிக்குப் போர் தண்ணி அடிக்கக் கூடாது, அதையும் சொல்லுங்க."

மதார் மைதீன் பாய் மகள் வீட்டிலிருந்து திரும்பிவிட்டார். செல்வி வந்தால்தான் ஏறுவேன் என்று அவரும் டீச்சரும் சொல்லிவிட்டார்கள். நானும் செல்வியும் போய் நிற்க, ஜெயக்குமார் டீக்கடைக்கு வந்தான். சாவியை நீட்டி, கையிலிருந்த கிளாஸைப் பார்த்துச் சொன்னான். "வண்டிலதான் கோளாறு."

"என்ன அண்ணாச்சி, அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்டுச்சு, இன்னைக்குக் காதுல விழலையே?" என்றார் டீ போடுகிறவர்.

"வண்டிலதான் கோளாறு! அவ சரியாத்தான் மிதிச்சா!" என்று கத்திவிட்டுப் போனான்.

எனக்கு அது போதாது. அவன் பேசியதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அன்று அங்கே இல்லை. செல்விக்குப் போதுமாம். சாவியை வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது கார் புழுதியோடுதான் நிற்கிறது. கேன் தண்ணீரில் நனைத்த துணியால் மேலே மட்டும் துடைக்கிறார்கள். காலையில் வீரசோழனுக்குக் காலி வண்டியாகப் போகும்போது, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மோட்டார் வேகத்தைக் குறைக்காதபடி வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து நிறுத்துவாள். கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடியும் மிதிப்பாள். பாய் ஏறிய பிறகு பழையபடி ஊஞ்சல்தான்.

அய்யப்பன் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "ஏத்தா, ஆடு அங்கிட்டு மேயிது. வெறும் ரோட்டுல யாருக்கு பிரேக்கு போடுற?"

"நாளைக்கி குறுக்க வாரதுக்குத்தாண்ணே" என்றாளாம்.

குழாயடிக்கும் அது வந்து சேர்ந்தது. "ஒன் தங்கச்சி ஆளில்லா ரோட்டுல பிரேக்கு போடுறாளாமே, பயந்துட்டாளோ?" என்றாள் மாரீஸ்வரி. இந்தத் தடவை நான் குடத்தை விட்டுவிட்டு வரவில்லை. குழாய்க்கு அடியில் அதை வைத்து, குழாயைத் திறக்காமல், அவளைப் பிடித்து நிறுத்தி, டிஸ்க்கிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும். முழுதும் சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர் பிடித்தேன்.