ஃபேனுக்காகக் கூட்டிய பெயின்ற்

பாசிக்குடா ஹோட்டலுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டைகள் பெட்டியோடு திரும்பி வந்தன. சித்திர ஆசிரியராக ஓய்வுபெற்ற பின், புளியந்தீவில் ஒரு சிறிய அச்சு அறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஜெல் பிளேற் அச்சு வேலை. இறப்பர் போல மெத்தென்ற, கண்ணாடி போலத் தெளிந்த பிளேற்றில் ரோலரால் அக்ரிலிக் பெயின்ற் தடவி, களப்போரக் கண்டல் மரத்து இலையை வைத்து, தாளை அழுத்தி எடுப்போம். பிறகு இலையை நீக்கி இரண்டாவது தாளை அழுத்தினால் இலையின் நரம்பெல்லாம் விழும். அந்த இரண்டாவது தாள்தான் விற்பனைக்கு.

முதலாளி ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன சேர், இலையா? கறி ஊத்தின மாதிரிக் கிடக்கு. ஆரு செஞ்ச?"

அச்சிட்டவள் யோகமலர். பெரியகல்லாற்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். அப்போது என் பக்கத்திலேயே நின்றாள்.

"புதுப் புள்ளதானே, கை இன்னும் படியல்ல" என்றேன்.

அது பொய். பயறளவில் நாலைந்து பொட்டு வைத்து, அடியில் மேசையின் நிறம் தெரியும்வரை அவள் ரோலரை ஓட்டுவாள். அவ்வளவு மெல்லிய பூச்சு காற்றுப் பட்டால் உடனே காய்ந்துவிடும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை வழிய வேலை செய்வாள். ஹோட்டல் அட்டைகளை அச்சிட்ட அன்று எனக்கு அந்தப் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேனைப் போட்டேன். பெயின்ற் பிளேற்றிலேயே காய்ந்தது; தாளில் ஒன்றும் விழவில்லை.

"கூடப் போடு புள்ள. பெயின்ற்றுக்கு என்ன பஞ்சமா?"

"கூடப் போட்டா நரம்பு மூடிரும் சேர். ஃபேனை நிப்பாட்டினாச் சரி."

"எனக்குப் படிப்பிக்க வந்திட்டியா?"

கூட்டிப் போட்டாள். இலை வழுக்கியது, ஓரங்கள் கலங்கின. பார்த்துக்கொண்டேதான் பெட்டியில் அடுக்கச் சொன்னேன்.

முதலாளி அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "வாறன் சேர்" என்று போனாள்.

அட்டைகளை நானே திரும்பச் செய்தேன், ஃபேனை நிறுத்தி, பயறளவு பெயின்ற்றில். நரம்புகள் மயிரிழையாக விழுந்தன.

"உங்கட கை வேற கைதான் சேர்" என்றார் முதலாளி. அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பெரியகல்லாற்றுக்குப் போனேன். யோகமலர் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அது எனக்குத் தெரியுமே சேர். பக்கத்திலதானே நிண்டன். முதலாளிக்குச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"மறுகா எனக்கு என்னத்துக்குச் சொல்றீங்க?"

அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னேன். "அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க" என்றார் அவர். ஆள் அனுப்பினோம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெயின்ற்றைக் குறைத்தே தொடங்குங்கள். அச்சு விழாவிட்டால், பெயின்ற்றைக் கூட்டுமுன் அறையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிழை உங்களுடையதானால், மற்றவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.