சில்லுகள் போன மூலை

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் இருந்த மாமாவின் வீட்டுக்கு ஒரு மேசை வந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், தம் குமாஸ்தாவான மாமாவிடம் விட்டுப்போனது. கட்டிலைப் போல இரண்டு பங்கு நீளம். ஒரு முனையிலிருந்து மரச் சில்லைத் தள்ளினால் மறுமுனைக் கோட்டுக்குள் போய் நிற்க வேண்டும்; அதுதான் ஆட்டம்.

மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது அத்தைக்காக. அந்த ஆடியில்தான் அவளுடைய ஆறு மாதக் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. அத்தை பேச்சை விட்டிருந்தாள். துணைக்கு இருக்கட்டும் என்று அம்மா என்னை அங்கே அனுப்பியிருந்தாள்.

மாமா தினமும் காலையில் தேன்மெழுகு தோய்ந்த துணியால் பலகையைத் தேய்ப்பார். சலித்த அரிசிமாவை மேலே தூவுவார். பிறகு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்து, அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, தாழ்ந்த காலுக்கு ஆப்புச் செருகுவார். சில்லு வழுக்கிக்கொண்டு போகிற அழகில் அத்தைகூட ஒருநாள் லேசாகச் சிரித்தாள்.

சில நாளில் சில்லுகள் நேராகப் போக மறுத்தன. எங்கே தள்ளினாலும் வளைந்து ஒரே மூலைக்குப் போயின. அந்த மூலைக்கு மேலே உத்திரத்தில் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருந்தது. மாமா ஆப்பு வைத்தார். மறுநாள் காலை தண்ணீர் அதே பக்கம் ஒதுங்கி நின்றது. ஒரு மதியம், யாரும் தொடாமல் வைத்திருந்த சில்லு ஒன்று மாவில் கோடு கிழித்துக்கொண்டு பைய நகர்ந்து போனது.

"பிள்ளை இழுக்குது," என்றாள் அத்தை.

"ஈரத்துல பலகை வளைஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்லட்டி," என்றார் மாமா. குனிந்து இன்னொரு ஆப்பைத் தட்டிச் செருகினார்.

அன்றிலிருந்து அத்தை அந்த மூலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரும் சில்லை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். "இனிமே ஆப்பு வைக்காதீங்க. அது விளையாடிட்டுப் போவட்டும்," என்பாள். சோறு அப்படியே இருக்கும். எனக்கு அந்த அறைக்குள் போகவே பயம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மேசையின் அந்தக் கால் தரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. மாமா கடப்பாரையால் தோண்டினார். கீழே ஒரு பெரிய தாழி, வாய் உடைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பரம்பு மேட்டில் எங்கு தோண்டினாலும் பழங்காலத்துப் பிணத்தாழி வரும். நான் எட்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் எலும்பு, பச்சை பிடித்த வெண்கலக் காப்பு ஒன்று. என் விரல்கள் மூன்றுகூட நுழையாத காப்பு. மாமா சட்டென்று துண்டைப் போட்டு மூடினார்.

வாசற்படியில் நின்ற அத்தை கேட்டாள்: "பெரிய ஆளா, சின்னதா?"

"பெரிய ஆளுதான். என்னைக்கோ செத்த கிழவன். தாழி உடைஞ்சு தரை உள்வாங்கிருக்கு. அதான் மேசை சாஞ்சிருக்கு."

 அத்தை அடுக்களைக்குப் போய் வாய்விட்டு அழுதாள். குழந்தை போனபிறகு அவள் அழுது நான் கேட்டது அன்றுதான். சாயங்காலம் தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

"மாமா, அந்தக் காப்பு..." என்று நான் தொடங்கியதும் மாமா என் தோளை அழுத்திப் பிடித்தார். வலித்தது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் மிகுந்த கவலையோடு சொன்னேன்: மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, சீக்கிரம் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று.