வாய்க்கு வந்த மாமியார் வீடு

நீண்ட காலம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குக் கூடமாட நின்று உதவுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சம்பளம் கிடையாது. ‘வழிகாட்டி’ என்று பெயர் மட்டும் உண்டு.

போன மாதம் எனக்கு வந்தவர் என்னைவிட மூத்தவர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆயுள் தண்டனை முடித்தவர். “நிலையா ஒரு வேலையில இருங்கப்பா, அப்புறம் வந்து பாக்கறேன்” என்று மகள் சொல்லியிருந்தாள்.

செங்கம் சாலையில் ஒரு மெஸ்ஸுக்குச் சமையலாள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனோம். பழசை அவரே சொல்லட்டும், நீ வாயைத் திறக்காதே என்று வழியெல்லாம் எனக்கு நானே பாடம் நடத்தினேன். “இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?” என்று முதலாளி அவரைக் கேட்டதுதான் தாமதம், என் நாக்கு தானாகக் கிளம்பிவிட்டது.

“மாமியார் வீட்லதாங்க!”

சத்தியமாக, அவர் பெண்டாட்டி ஊரில் இருந்ததாகச் சமாளிக்கத்தான் வந்தேன். ஜெயிலுக்கு அதுதான் செல்லப்பெயர் என்பது சொல்லி முடித்த பிறகே உறைத்தது. முதலாளி சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நிஜமாவா?”

“ஆமாங்க, ஜெயில்தான்” என்றார் அண்ணன். “கொலைக் கேஸ். தண்டனை முடிஞ்சிடுச்சு. அங்கயும் சமையல்தான்.”

“சரிப்படாதுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. மத்தியானம் சாமியாருங்களுக்குச் சோறு போடறோம். நீங்களும் வந்து சாப்பிட்டுப் போங்க.”

“சோறு கேக்கலைங்க. ஆக்கிப் போடறேன்னுதான் வந்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரிவலப் பாதையில் காவி கட்டிப் படுத்திருப்பவரிடம் இந்த ஊரில் யாராவது ‘முன்னாடி எங்க இருந்தீங்க’ என்று கேட்டதுண்டா? காலில் விழுந்து திருநீறு வாங்குகிறோம். இவர் செய்த தப்பு, சட்டை போட்டுக்கொண்டு வந்து உண்மையைச் சொன்னது. இதை அப்படியே முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட எழுந்தேன். வாயில் வந்தது: “காபி நல்லா இருந்துச்சுங்க.”

எங்களுக்கு யாரும் காபி கொடுக்கவே இல்லை.

“அடுத்த கடைக்கு நான் மட்டும் போறேன் சார்” என்றார் அண்ணன். “நீங்க வெயில்ல நின்னாலும் பரவால்ல, உள்ள மட்டும் வந்துடாதீங்க.”

நின்றேன். திரும்பி வந்தார்.

“என்னண்ணா?”

“எல்லாத்தையும் சொன்னேன். பௌர்ணமிக்கு மட்டும் வரச் சொல்றாங்க. அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, ஆள் பத்தாதாம்.”

“மத்த நாள்ல?”

“சாப்பிட வர்றவங்க பயப்படுவாங்களாம்.”

பௌர்ணமிக்கு வருகிற அத்தனை ஜனத்துக்கும் மட்டும் பயம் வராதா! நடுரோட்டில் நின்று கத்தினேன். அண்ணன் கத்தவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

“வேலை கிடைச்சிருக்கும்மா... இல்லம்மா, தினமும் இல்ல. மாசத்துல ஒரு நாள்.”

அவள் வைத்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இரண்டு முதலாளிகள்மேல்தான், இன்னும்.