மரண அறிவித்தலுக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி

விஜயகலா 1984ஆம் ஆண்டு பலாங்கொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தாள். என் பெரியப்பா மகனுடைய மூத்த மகள். தந்தை தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். தாய் மலையில் கொழுந்தெடுத்தார். உயர்தரம் வரை பலாங்கொடையில் படித்தாள். பிறகு இரத்தினபுரிக்குப் போய்வந்து கணினி கற்றாள். சிங்களம் அவளுக்குத் தமிழைப் போலவே வரும். 2006இல் பஸ் நிலையத்துக்கு அருகே முக்தார் என்பவர் நடத்திய கணினிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவரை அவள் நானா, அதாவது அண்ணன், என்றே அழைத்தாள்.

குடும்பப் பதிவுக்கு இவ்வளவு போதும். ஆயினும் 2007இல் நடந்த ஒரு காரியத்தை உறவினர் பலர் பலவிதமாகச் சொல்வதால், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டறிந்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முக்தாரின் கடையில் போட்டோப் பிரதி எடுப்பார்கள். கல்யாண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் அச்சடிப்பார்கள். இணையத்தளம் செய்யும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. தோட்டத்துக் கோயில் பரிபாலன சபைக்கு ஒரு தளம் வேண்டும் என்று அதன் செயலாளர் இராசநாயகம் வந்து கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் எனப்படும் அலுவலக உத்தியோகத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற பின்னும் பலாங்கொடையிலேயே தங்கிவிட்டவர் அவர். திருவிழாச் செய்தி, கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் தளத்தில் வரவேண்டும், வெளிநாட்டுக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பது சபையின் விருப்பம். வேலை ஏறக்குறைய முடிந்த பிறகு, ஒவ்வொரு பக்கமும் பிள்ளையார் சுழியோடு தொடங்கவேண்டும் என்று அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

அத்தகைய தளத்தில் பக்கங்களை முழுதாக எழுதிவைப்பதில்லை. டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்புருக்களாகப் பிரித்து வைப்பார்கள். பீ.எச்.பீ. மொழியில் எழுதப்பட்ட ஒரு பொறி அவற்றில் பெயரையும் திகதியையும் நிரப்பிப் பக்கமாக்கித் தரும். நிரப்பியதை வெளியே விடும் முன் கடைசியாகத் தொட்டுத் திருத்த அதில் ஒரு வசதி உண்டு. அதை ஃபில்டர் என்பார்கள். எல்லா வார்ப்புருக்களையும் திறந்து திருத்துவதற்குப் பதிலாக விஜயகலா ஃபில்டரில் ஒரே வரி எழுதினாள். பொறியிலிருந்து எது வெளியே வந்தாலும் அதன் தலையில் காவி நிறத்தில் ஒரு ‘உ’ ஏறியது. சபைக்கு மகிழ்ச்சி.

பின்னர் அறிவித்தல்கள் பெருகின. ஓர் அறிவித்தலுக்கு ஒரு வார்ப்புரு, அவற்றைத் தாங்கும் பட்டியலுக்கு ஒன்று, பட்டியலைத் தாங்கும் வெளிச்சட்டத்துக்கு ஒன்று என்று அவள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொரு துண்டையும் பொறி தனித்தனியே செய்து தந்தது. செய்து தந்த ஒவ்வொரு முறையும் ஃபில்டர் தன் கடமையைச் செய்தது. ஆகவே பக்கத்தின் தலையில் ஒரு சுழி, பட்டியலின் தலையில் ஒரு சுழி, ஒவ்வோர் அறிவித்தலின் தலையிலும் ஒரு சுழி.

“என்ன புள்ள, ஒங்கட புள்ளையார் எல்லா ஊட்டு வாசல்லயும் நிக்கிறாரு?” என்று முக்தார் சிரித்தார்.

அவள் இராசநாயகத்திடம் கேட்டாள். சுழி கூடுவதால் குறையொன்றுமில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். அது அப்படியே இருந்தது.

அவ்வாண்டு மழைக்காலத்தில் அழகமுத்து காலமானார். விஜயகலாவின் வீடு இருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்துக்காரர். அவர் மனைவி சுப்பம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள் விஜயகலா. ஒரே மகன் சசி கட்டாரில் வேலை செய்தான், லீவு கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதியன்று, அங்கே கூட இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளோடு தகப்பனின் மரண அறிவித்தலைத் தளத்திலிருந்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அதன்முன் விளக்கேற்றுவதாகத் தாய்க்குச் சொல்லியிருந்தான். அறிவித்தலை விஜயகலாவே எழுதி ஏற்றினாள். அதன் தலையிலும் காவி நிறச் சுழி ஏறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

சசி கவனித்தான்; தாய்க்குப் போனில் சொன்னான். தோட்டத்து வழக்கத்தில் நல்ல காரியத்துக்குத்தான் சுழி போடுவார்கள். இழவுச் செய்தியில் போடமாட்டார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் சுப்பம்மா கடைக்கு வந்து சேர்ந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நம்ம வீட்டு எழவ நல்ல காரியமுன்னு போட்டுட்டியாம்மா?” என்றார்.

“மெஷின் தானா போட்டுருச்சு, பெரியம்மா. நான் மாத்திர்றேன்.”

“எம்மவன் அத வச்சு வெளக்குப் பொருத்தணும். ஒன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. நான் கேக்கவே மாட்டேன்.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவளைச் சுட்டதாக விஜயகலா என்னிடம் சொன்னாள். கருமாதிக்கு நாள் அதிகம் இல்லை. அதற்குள் அறிவித்தல் சுத்தமாக வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த லயத்து வாசற்படியை இனி மிதிக்க முடியாது.

முதலில் அவள் ஃபில்டருக்கே புத்தி சொல்லப் பார்த்தாள். ‘மரண அறிவித்தல்’ என்ற சொற்கள் இருந்தால் சுழி போடாதே என்று எழுதினாள். அறிவித்தலின் தலையில் இருந்த சுழி மறைந்தது. ஆனால் அதே அறிவித்தல் முகப்புப் பக்கத்தின் பட்டியலுக்குள்ளும் இருந்தது. அந்தச் சொற்களைக் கண்டதும் ஃபில்டர் முகப்புக்கும் சுழி போடாமல் விட்டது. மதியத்துக்குள் இராசநாயகத்தின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“பிள்ளை, கோயில் பக்கத்திலை சுழியைக் காணேல்லை.”

அவள் காரணத்தைச் சொன்னாள். அவருக்கு அது புதிதாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இறந்தவருக்கு வெளியிடும் நினைவு மலரிலும் முதற்பக்கத்தில் சுழியும் சிவமயமும் போடுவார்கள். அதனால்தான் தான் அதை வித்தியாசமாக எண்ணவில்லை என்றார். தோட்டத்துச் சனங்களின் மனம் நோகக்கூடாது, கோயிற் பக்கத்தில் சுழியும் இல்லாமற் போகக்கூடாது என்று இரண்டையும் அவள் தலையில் வைத்துவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்து, பக்கம் முழுதாகச் சேர்ந்த பிறகு உள்ளேயிருக்கும் சுழிகளைத் தேடி அழிக்கும் இன்னொரு ஃபில்டரை எழுதினாள். அது கல்யாண அறிவித்தல்களின் சுழியையும் சேர்த்து அழித்தது. ஃபில்டரிடம் வந்து சேரும்போது பக்கம் வெறும் நீண்ட எழுத்து வரிசைதான். எது கல்யாணம், எது சாவு, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை அறிய அதற்கு வழியில்லை.

அந்த அறிவித்தலை மட்டும் தளத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார் முக்தார். அவள் மறுத்தாள். கோபம் மெஷின்மீது திரும்பியது. இந்தப் பொறியே சரியில்லை என்றாள். முக்தார் அப்போது கல்யாண அழைப்பிதழ்க் கட்டொன்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நாங்க கல்யாணக் கார்டும் அடிக்கிற, மௌத்து நோட்டீஸும் அடிக்கிற. ரெண்டும் ஒரே மெஷின்ல தானே புள்ள? சுழிய மெஷினா போடுது?”

“இல்ல நானா. கார்டுலயே இருக்கு.”

சொல்லிவிட்டு, கட்டிலிருந்து ஓர் அழைப்பிதழை உருவிப் பார்த்தாளாம். அழைப்பிதழில் சுழி வேண்டுமா என்பதை அழைப்பிதழை அமைக்கும்போதே தீர்மானிக்கிறார்கள். கடையை விட்டு வெளியே போகும் எல்லாத் தாளுக்கும் வாசலில் நின்று ஒருவர் முத்திரை குத்துவதில்லை. அவளோ தளத்தின் வாசலில் அப்படி ஒருவரை நிறுத்திவைத்திருந்தாள்.

ஃபில்டரை முழுவதுமாக எடுத்தெறிந்தாள். முதலில் மிக உள்ளே இருக்கும் அறிவித்தலைப் பொறியிடம் செய்து வாங்கி, வெளியே விடாமல் ஒரு பெயரிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அதைப் பட்டியலில் அதற்கென விட்ட இடத்தில் வைத்தாள். பட்டியல் முடிந்ததும் அதையும் அவ்வாறே வாங்கி வெளிச்சட்டத்துக்குள் வைத்தாள். கடைசியில் வெளிச்சட்டம் ஒன்றே வெளியே போனது. கோயிற் பக்கத்தின் வெளிச்சட்ட வார்ப்புருவில் அவள் கையாலேயே சுழியை எழுதினாள். கல்யாண அறிவித்தலின் வார்ப்புருவிலும் எழுதினாள். மரண அறிவித்தல்களைப் பட்டியலிலிருந்து பிரித்து, சுழியில்லாத, கறுப்புக் கரையிட்ட வேறொரு சட்டத்துக்குள் தனிப் பக்கமாக வைத்தாள். முகப்பில் அப்பக்கத்துக்குப் போகும் வழி மட்டும் ஒரு வரியாக நின்றது.

வேலை அதிகம். முன்பு ஒரு வரியில் முடிந்ததற்கு இப்போது ஒவ்வொரு வார்ப்புருவையும் திறக்கவேண்டியிருந்தது. கருமாதிக்கு முதல் நாள் பிற்பகலில்தான் முடிந்தது. இராசநாயகம் வந்து பார்த்து, கோயிற் பக்கத்தின் தலையில் ஒரேயொரு சுழி நிற்பது முன்னையிலும் லட்சணமாக இருக்கிறது என்றார்.

கருமாதியன்று விஜயகலா தாயோடு அடுத்த லயத்துக்குப் போனாள். சுப்பம்மா அவளைப் பார்த்துவிட்டுப் படையல் வேலையைத் தொடர்ந்தார். படையல் முடிந்த பிறகு கட்டாரிலிருந்து சசி பேசினான். சுப்பம்மா போனைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டிவிட்டார்களா, விளக்கு எரிகிறதா என்று மட்டும் கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டு, விஜயகலாவின் முன்னால் தானே இலையைப் போட்டார்.

“சரியா இருக்காம். சாப்பிடு.”

விஜயகலா அந்தக் கடையிலேயே தொடர்ந்து வேலை செய்தாள். அதன்பின் அவள் செய்த எந்தத் தளத்திலும் ஃபில்டர் வைக்கவில்லை. உள்ளேயிருப்பதை முதலில் முடித்து வெளியே வருவதே அவள் முறையாயிற்று.

2009இல் சசி லீவில் வந்தான். கொடகவெலப் பக்கத்தில் பெண் பார்த்து நிச்சயித்தார்கள். சுப்பம்மா வெற்றிலைத் தட்டோடு கடைக்கு வந்தார். இம்முறை சொல்லாமலே உட்கார்ந்தார். கல்யாண அறிவித்தலில் வரவேண்டிய பெயர்களையெல்லாம் சொல்லி முடித்து, எழுந்து வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“இதுக்கு மறந்துறாத ஆத்தா. பெருசாவே போடு.”