நவாப் தோட்டத்தில் நாலு எருமை

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வந்தால், தோலைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் தன் பரம்பரையைப் பற்றிப் பேசுவார். போன வருடம் வந்த பையர் தோட்டப் பைத்தியம். அது தெரிந்ததும் முதலாளியின் முப்பாட்டனார் ஆற்காட்டு நவாபின் தலைமைத் தோட்டக்காரராகிவிட்டார். அதற்கு முந்தின பையர் குதிரைப் பிரியர். அப்போது அதே முப்பாட்டனார் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் வரும்போது அந்தத் தோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் பையர். ஷூவுக்குப் பேட்டர்ன் வரைகிறவள் நான். போய்ப் பார்த்து ஒரு பிளான் வரைந்து வரும்படி முதலாளி என்னை அனுப்பினார்.

ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் நவாப் தோட்டம் எது என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் சீமைக் கருவேலம். நடுவில் எட்டு மூலையுள்ள வறண்ட தொட்டி. அதிலிருந்து நாலு திக்கிலும் கல் வாய்க்கால், அதன் இருபுறமும் நடைபாதை. இடையில் நாலு சதுரம். ஒரு சதுரத்தில் கொட்டகை போட்டு நாலு எருமைகளைக் கட்டியிருந்தாள் ஒருத்தி. டேப்பை விரித்ததுமே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா அளக்குற? எங்கள காலி பண்ணச் சொல்றதுக்கா?"

சர்க்கார் ஆள் இல்லை என்றதும் நவாபைத் திட்ட ஆரம்பித்தாள், அடுத்த வீட்டுக்காரனைத் திட்டுவது போல. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீரெல்லாம் வாய்க்காலில் இறங்கி நேராகக் கொட்டகைக்குள் வந்துவிடுமாம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதவனெல்லாம் ராஜாவா என்று கேட்டாள்.

அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது, நவாபுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. சதுரங்களை வேண்டுமென்றே இரண்டு முழம் பள்ளமாக வெட்டியிருந்தார்கள். செடி பள்ளத்தில் வளர்ந்தால் பூ நடைபாதையின் மட்டத்துக்கு வந்து நிற்கும். நடப்பவருக்குக் காலடியில் கம்பளம் விரித்தது போல இருக்கும். பாய்ச்சுவதற்காக வாய்க்காலின் பக்கவாட்டில் சதுரத்துக்கு ஒரு துளை வேறு. எருமை நிற்பது ரோஜா நிற்க வேண்டிய இடம் என்று அவளிடம் சொன்னேன்.

"ரோஜா ஒரு வேளையாவது பால் கறக்குமா?" என்றாள்.

செங்கல்லும் களிமண்ணும் வைத்து அவள் சதுரத்துத் துளையை அடைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் மழை. கொட்டகை காய்ந்திருக்கிறது என்று போன் செய்தாள். எதிர்ச் சதுரத்தில் அவள் கொழுந்தனின் வைக்கோல் போர் மிதக்கிறது என்பதையும் சொன்னாள், பெரிய வருத்தமில்லாமல். ஞாயிற்றுக்கிழமை போய் அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டே அந்தத் துளையையும் அடைத்தேன். மற்ற இரண்டு துளைகளும் எப்போதோ மண் மூடிப் போயிருந்ததால், அடுத்த மழைக்குத் தண்ணீர் நேராகப் போய்த் தொட்டியை நிரப்பியது.

பையரும் முதலாளியும் வந்த அன்று எட்டு மூலைத் தொட்டியில் நாலு எருமைகளும் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தன. முதலாளி முகம் சுண்டியது. பையரோ என் பிளானை விரித்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்த்தார். பிறகு, உங்கள் முப்பாட்டனார் என்னென்ன செடி வைத்தார் என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன்.

என்ன பேசுகிறார்கள் என்று எருமைக்காரி கேட்டாள். சொன்னேன்.

"அவுங்க முப்பாட்டன் பாத்துக்கின தோட்டமா? அப்ப வாய்க்கால்ல தூர் வார ஆள் அனுப்பச் சொல்லு."

எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில் ஒரு வார்த்தை குறையாமல் பையரிடம் சொன்னேன். முப்பாட்டனாரின் தோட்டத்தை முதலாளியே சீர்செய்யப் போகிறார் என்று நினைத்து, அவர் நெகிழ்ந்துபோய் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளிக்கு வேறு வழியில்லை.

அந்த வாரமே மண்வெட்டியோடு ஆறு பேர் போனார்கள். முதலாளி பத்து நாள் என்னோடு பேசவில்லை. எருமைக்காரி மட்டும் தினமும் போன் செய்து, இன்னும் இரண்டு ஆள் ஜாஸ்தி அனுப்பினால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.